கைவினையும் கைத்தொலைபேசியும்



பொன்னை உருக்குதல், வெள்ளியைக் கம்பியாக இழுத்தல், கல் பதித்தல் ஆகிய நகைத் தொழில்கள் நம் நாட்டிலே நெடுங்காலமாக வீட்டுக்குள்ளேயே கற்பிக்கப்பட்டு வந்தன. தந்தை உலையின் முன் அமர்ந்திருப்பார். மகன் அருகிலிருந்து துருத்தியை இயக்குவான். அவன் கைக்குச் சுத்தியல் வந்து சேர ஆண்டுகள் சில செல்லும். அயல் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பட்டறைக்குள்ளே இடமில்லை. பெண்பிள்ளைக்கோ அநேகமாக எந்தப் பட்டறையிலும் இடமில்லை. இன்று அந்தப் பட்டறை கைத்தொலைபேசியின் திரையிலே தெரிகிறது. நகை செய்து பிழைக்கும் கலைஞர்களே தம் வேலைமேசைக்கு மேலே ஒரு கமராவைப் பொருத்திவைத்து, தாம் செய்யும் வேலையைச் செய்தபடியே உலகத்துக்குக் கற்பிக்கிறார்கள். சிலர் கட்டணம் பெற்றுக் குறித்த நேரத்தில் வகுப்பு நடத்துகிறார்கள். சிலர் படம் பிடித்து, விரும்பியவர் பார்க்கட்டும் என்று இணையத்திலே விட்டுவிடுகிறார்கள். இவ்வாறு கற்பது எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எவ்விடத்திலே கைவிட்டுவிடும் என்பதைப் பற்றியே இன்று பேச நினைக்கிறேன்.

நான் பணியாற்றுவது பன்வில பகுதியிலே. கண்டி நகரிலிருந்து வத்தேகம வழியாக ஏறி வந்தால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் பக்கமாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருப்பது அவ்வூர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் படிப்பதற்கென்றே பல குடும்பங்கள் கடன்பட்டுத் தொலைபேசி வாங்கின. சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் மலை ஏறினார்கள். கணக்குப் பாடம் எவ்வளவு மனத்தில் நின்றது என்பது பின்னர் விடைத்தாள் திருத்தியவர்களுக்குத் தெரியும், அதை விடுவோம். பாடத்திட்டத்தில் இல்லாத சிலவற்றையும் பிள்ளைகள் அந்தத் திரையிலே கற்றுக்கொண்டார்கள்.

எங்கள் மாணவி ஒருத்தி, பழுதாய்ப்போன மின்விசிறியைப் பிரித்து, அதனுள்ளே சுற்றியிருந்த செப்புக் கம்பியை எடுத்து, அதைக் குறட்டினால் வளைத்தும் முறுக்கியும் காதணி செய்யப் பழகினாள். கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டேன். அவர் எந்த நாட்டவர் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவர் பேசிய மொழியும் விளங்கவில்லை. "வாய் பேசுறது விளங்கல்ல சேர், கை பேசுறது விளங்குது" என்றாள்.

செப்புக் காதணிகளைத் தோழியர் வாங்கினர். இப்பொழுது அவள் வெள்ளியிலே செய்ய விரும்புகிறாள். இதைச் சிறு பிள்ளையின் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. தோட்டத்துக் குடும்பங்களில் நகை அலங்காரம் மட்டுமன்று, அதுவே சேமிப்பு. பிள்ளையின் படிப்புச் செலவுக்கும், வீட்டு நோயாளியின் மருந்துக்கும் தாயின் தோடு அடகுக் கடைக்குப் போய்த் திரும்புகிறது. சில வேளைகளில் திரும்புவதில்லை. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டில் 1350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2025ஆம் ஆண்டில் ஒரு பவுண், அதாவது 8 கிராம் பொன், மூன்று இலட்சம் ரூபாயைக் கடந்துவிட்டது. அந்தச் சம்பளப்படி பார்த்தால், இருநூறு நாட்களுக்கு மேலாகப் பறித்த கொழுந்து அந்த ஒரு பவுணுக்குள்ளே இருக்கிறது. நகையை அடகு வைத்தே அறிந்த வீட்டிலிருந்து, நகையைச் செய்து விற்கும் கையொன்று புறப்படுமானால் அக்குடும்பத்தின் கணக்கே மாறிவிடும் அன்றோ?

கண்டியிலே இத்தொழில் எவ்வாறு காக்கப்பட்டது என்பதையும் சிறிது நோக்க வேண்டும். மன்னர் காலத்தில் 'பட்டல் ஹதர' என வழங்கிய நான்கு அரச பட்டறைகள் இருந்தன. கைவினைஞர் குலத்தார் அங்கே பணி செய்தனர்; பணிக்கு ஈடாக நிலம் பெற்றனர். 1815ஆம் ஆண்டில் இராச்சியம் ஆங்கிலேயர் வசமானதும் அரசன் கட்டளையிட்டுச் செய்வித்த வேலை நின்றது. நுண்ணிய தொழில்கள் மெல்ல மெல்லத் தேய்ந்தன. 1882ஆம் ஆண்டில் கண்டிக் கலைச் சங்கம் தோன்றியதும் அந்தத் தேய்வைக் கண்டுதான்.

அவற்றை எழுத்திலே பிடித்து வைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877ஆம் ஆண்டில் கொழும்பிலே பிறந்தவர். கல்லையும் மண்ணையும் ஆராயும் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராக 1903 முதல் 1906 வரை இலங்கையிலே கடமையாற்றியவர். கனியம் தேடி ஊரூராகச் சென்றவரின் கண், கைவினைஞரின் பட்டறையிலே நிலைத்துவிட்டது. அவர் எழுதிய 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலுள்ள நிழற்படங்கள் பலவற்றை எடுத்தவர் அவருடைய மனைவியார் எதல். பிற்காலத்தில் இங்கிலாந்திலே புகழ்பெற்ற நெசவுக் கலைஞராக விளங்கியவர் இவ்வம்மையாரே. சித்திரம் பழகவரும் சிறுவனுக்குக் கொடுக்கப்பட்ட முதற் பாடம் 'வக தெக', அதாவது இரண்டு வளைவுகள், என்று குமாரசுவாமி குறிக்கிறார். அந்த வளைவு கையில் படிந்த பின்னரே கொடியும் பூவும். இன்றைய திரைப்பாடங்கள் பலவும் "பத்து நிமிடத்தில் மோதிரம்" என்று தொடங்குவதைப் பார்க்கும்போது அந்த இரண்டு வளைவுகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

அந்நூல் அச்சான கதையும் நம் பொருளோடு தொடர்புடையது. இங்கிலாந்திலே கம்டன் என்னும் ஊரின் பக்கத்தில் தாம் வாழ்ந்த வீட்டிலேயே குமாரசுவாமி அதை அச்சிடுவித்தார்; 425 பிரதிகளே அச்சாயின. அதற்குப் பயன்பட்ட அச்சுப்பொறி முன்னர் வில்லியம் மொரிஸ் என்பாருக்கு உரியது. 1896ஆம் ஆண்டில் மொரிஸ் மறைந்த பின்னர் அதை அஷ்பி என்பவர் தம் கைவினைச் சங்கத்துக்காக வாங்கினார். வாங்கி 1898ஆம் ஆண்டில் முதலில் அச்சிட்ட நூல் எது தெரியுமா? இத்தாலியப் பொற்கொல்லர் செலினி 1568ஆம் ஆண்டில் வெளியிட்ட பொற்கொல்லர் தொழில் நூல். தம் சங்கத்து உலோகத் தொழிலாளர் படித்துப் பயன்பெறுவதற்காக அஷ்பியே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு தொழிலாளி, கடல் கடந்த ஊரில் இருந்த தொழிலாளிக்கு ஆசிரியரானார். ஆகவே நேரில் காணாத ஆசானிடம் கைத்தொழில் கற்பது கைத்தொலைபேசியோடு பிறந்த புதுமையன்று.

மொரிஸின் வாழ்க்கையிலே இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். சித்திரத் திரைச்சீலை நெய்ய அவர் விரும்பியபோது, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கைந்நூல் ஒன்றைத் துணையாகக் கொண்டு, 1879ஆம் ஆண்டில் தம் படுக்கையறையிலேயே தறியை நிறுத்தித் தாமே கற்றார். முதற் சீலைக்கு 516 மணி நேரம் செலவானதாகக் குறித்தும் வைத்தார். ஆனால் சாயத்தொழில் கற்க வேண்டி வந்தபோது அவர் நூலை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. லீக் என்னும் ஊருக்குச் சென்று, தோமஸ் வாடில் என்பாரின் சாயத்தொட்டியருகே நின்று, கை நீலமாகும்வரை வேலை செய்தார். அதே மனிதர், ஒரு தொழிலுக்கு நூல் போதும் என்றிருந்தவர், மற்றதற்கு ஆளைத் தேடிப் போனார்.

ஏன்? நெசவில் பிழைத்த இழையைப் பிரித்து மறுபடி நெய்யலாம். தொட்டியிலே தோய்ந்த நூலைத் தோயாததாக்க முடியாது. திரையிலே எந்தத் தொழிலைக் கற்கலாம், எதைக் கற்கலாகாது என்று என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு நான் கூறும் அளவுகோல் இதுதான். கம்பி பின்னல், மணி கோத்தல், முடிச்சு வேலை, பாய் நெசவு ஆகியவற்றில் பிள்ளை பத்து முறை பிழைக்கலாம். பத்து முறையும் பிரித்துப் பின்னலாம். திரையில் இருப்பவரும் சலிக்காமல் பத்து முறை காட்டுவார். இவ்வளவு பொறுமை எங்கள் ஆசிரியர்களுக்கும் இல்லை; எனக்கும் இல்லை. நெருப்பு வந்த இடத்தில் கதை வேறு.

வெள்ளியைப் பற்றவைக்கும் முறையைப் பாருங்கள். இணைக்கும் இடத்திலே வெண்காரம் தடவி, பற்றுப்பொடி வைத்து, ஊதுகுழலால் நெருப்பை ஊதுவார் தட்டார். பேச்சு வழக்கிலே 'பொடி வைத்து ஊதுகிறான்' என்கிறோமே, அது அந்தப் பட்டறையிலிருந்து வந்த சொல்தான். தூய வெள்ளி 962 பாகை செல்சியஸில் உருகும்; நகைக்கு வழங்கும் செப்புக் கலந்த வெள்ளி அதற்கும் குறைந்த சூட்டிலேயே இளகத் தொடங்கும். அதற்குச் சற்று முன்னர்ப் பொடி உருகி ஓட வேண்டும். அந்தச் சிறு இடைவெளியைத் தட்டார் அறிவது உலோகத்தின் நிறத்தால். மங்கிய வெளிச்சத்திலே வெள்ளி மெல்லச் சிவக்கும் தருணம் அவருக்குத் தெரியும். ஆனால் கமராவோ வெளிச்சத்துக்கேற்பத் தானே கூட்டியும் குறைத்தும் படம் பிடிக்கிறது. திரையில் காணும் சிவப்பு உலையின் சிவப்பன்று. அதை நம்பி ஊதிய மாணவிக்குக் காதணிக்குப் பதிலாக ஒரு வெள்ளி உருண்டை கிடைக்கும். அதை மறுபடி உருக்கலாமே என்று தட்டார் சொல்லலாம். அவரிடம் உலையும் உண்டு, கம்பி இழுக்கும் துளைத்தகடும் உண்டு. அவளிடம் இரண்டும் இல்லை.

இன்னுமொன்று. கலைஞர் கமராவுக்கு எதிரே அமர்ந்திருந்தால் அவருடைய வலக்கை நமக்கு இடப்பக்கமாகத் தெரியும். பட்டறைச் சிறுவன் ஆசானின் பக்கத்திலிருந்து, ஆசானின் திசையிலிருந்தே பார்த்தான். அவனுக்கு அந்தக் குழப்பமில்லை. திரையில் பளபளக்கும் நகையின் இணைப்பு உள்ளே பிடித்திருக்கிறதா, மேலுக்கு ஒட்டியிருக்கிறதா என்பதும் பார்வைக்குத் தெரியாது. சிலம்பின் உள்ளே இருந்த பரல் மாணிக்கமா முத்தா என்று அறிய அதை உடைக்க வேண்டியிருந்ததே, அந்தக் கதையை அறியாத தமிழர் உண்டா?

எல்லாவற்றையும்விட, பதிவு செய்த படம் மாணவியின் கையைப் பார்ப்பதில்லை. எங்கள் மாணவியர் சிலரைக் குண்டசாலைப் பக்கத்திலுள்ள நத்தரம்பொத்தவுக்கு அழைத்துச் சென்றோம். அங்கே கலாபுரம் எனப்படும் கைவினைஞர் கிராமம் இருக்கிறது. முதிய வெள்ளி வேலையாளர் ஒருவர் அந்தச் செப்புக் காதணியைக் கையில் வாங்கினார். அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கம்பியின் முனையை நகத்தால் வருடிப் பார்த்து, அரத்தை எடுத்து இரண்டு முறை உரசி, திரும்பக் கொடுத்தார். "இது காதைக் கிழிக்கும்" என்று சிங்களத்திலே சொன்னதை எங்கள் ஆசிரியை தமிழில் கூறினார். எத்தனையோ முறை அவள் பார்த்த படத்திலே அந்த முனை ஒரு முறையும் அவள் கண்ணில் படவில்லை. கலைஞருக்கு அது பழகிய செயல். சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிராது.

அபாயத்தையும் மறைக்கக்கூடாது. பழைய பற்றுப்பொடி வகைகள் சிலவற்றில் கட்மியம் என்னும் உலோகம் கலந்திருக்கும். சூடாகும்போது எழும் அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். கறுத்த வெள்ளியைக் கழுவ அமிலம் வேண்டும். காற்று வராத லயத்து அறையிலே, படுக்கையும் அடுப்பும் பக்கம் பக்கமாக உள்ள இடத்திலே, ஊதுகுழலும் அமிலமும் வைத்து ஒரு பிள்ளை தனியே பழகுவதை நான் அனுமதியேன். எங்கள் பாடசாலையில் திரையைப் பார்த்துச் செய்யும் வேலை கம்பியோடும் மணியோடும் நின்றுவிட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. பிள்ளைகளுக்கு என்மேல் மனக்குறைதான். நெருப்பு வேலைக்குத் தட்டாரின் பக்கத்திலே உட்கார வேண்டும்.

உட்கார இடம் கிடைக்குமா என்பதே இனிக் கேள்வி. பாடசாலையை விட்ட இளைஞரைத் தொழில் நடக்கும் இடத்திலேயே பயில வைக்கும் அரச பயிலுனர் திட்டம் நம் நாட்டில் உண்டு. தோட்டத்துப் பெற்றோர் பலருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் தமிழ்ப் பிள்ளைக்கும் சிங்களப் பட்டறைக்கும் நடுவே மொழி நிற்கிறது. நாளாந்தம் பஸ் கட்டணம் நிற்கிறது. பெண்பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கும் தகப்பனார் நிற்கிறார். முன்னே நின்ற குலக்கட்டு ஓரளவு தளர்ந்துவிட்டது. வயது முதிர்ந்து, தொழிலைப் பெற்றுக்கொள்ள வீட்டுப் பிள்ளைகள் முன்வராத கைவினைஞர், வந்தவர் யாராயினும் கற்பிக்க மனம் வைக்கிறார்கள். நத்தரம்பொத்தப் பெரியவர் விடுமுறையில் வரச் சொன்னார். கட்டணம் கேட்கவில்லை.

நம் பக்கத்துக் கைவினையும் திரையில் ஏறலாம் என்பதையும் கூறியாக வேண்டும். தும்பறைப் பள்ளத்தாக்கில் ஹேனவல என்னும் ஊரிலே, கின்னர சமூகத்தார் ஹண என்னும் செடியின் நாரெடுத்து, சாயமேற்றி, சித்திரப் பாய்கள் நெய்கிறார்கள். முற்காலத்திலே அரச மாளிகைக்குப் பாய் நெய்து கொடுத்த மரபினர். 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அந்தக் கலையை மானிட குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நெய்பவர்கள் இன்று மிகச் சிலரே. நான் முன்னே கூறிய அளவுகோலின்படி அது பிரித்து நெய்யக்கூடிய தொழில். தொலைவிலிருந்தும் கற்கத் தக்கது. கற்பிப்பதற்குக் கட்டணம் வருமானால் பாய் விற்காத மாதத்திலும் அடுப்பு எரியும்.

அதற்கு வேண்டியவை ஒரு கமரா, அதை அசையாமல் பிடிக்கும் ஒரு தாங்கி, நெய்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து படம் பிடிக்கத் தெரிந்த ஒருவர், அவருடைய சிங்களச் சொல்லைத் தமிழிலும் எழுதத் தெரிந்த இன்னொருவர். இந்தக் கடைசி இருவரும் எங்கள் உயர்தர வகுப்பிலேயே இருக்கிறார்கள். வரும் தவணை விடுமுறையில் நெசவாளர் சம்மதித்தால் அவர்களை ஹேனவலவுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். கமராவைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.