கடலைத் தடுத்த சுவர்

கனடாவின் வான்கூவர் நகரில், அடுக்குமாடிகளை ஒட்டியே ஒரு காடு இருக்கிறது. பெயர் ஸ்டான்லி பூங்கா. 1888இல் திறந்தார்கள், பரப்பு சுமார் 1,000 ஏக்கர். அலைகள் கரையை அரித்துக்கொண்டே போனதால், 1917இல் கல்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். ஜேம்ஸ் கன்னிங்ஹாம் என்ற கொத்தனார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையிலேயே இருந்தார், 1963இல் காலமானார். சுற்று முழுமையடைந்ததாக அறிவித்தது 1971இல்தான்.

அரிப்பைத் தடுக்கக் கட்டிய சுவரின் மேல்தான் இன்று ஊரே நடக்கிறது. சுற்றிவர ஏறக்குறைய 9 கிலோமீட்டர். களைத்தால் தேர்டு பீச் மணலில் உட்காரலாம். உள்ளே திரும்பினால், செடார் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைகள். சைக்கிளில் போகிறவர்கள் மட்டும் இடஞ்சுழியாகத்தான் சுற்ற வேண்டும். பாதியில் மனம் மாறினால், முழுச் சுற்றும் உடம்புக்கு நல்லது என்று தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்!