பெரைரா என்றொரு பேரி மரம்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் நான் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் சொன்னபடியே இருக்கட்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் பேச்சு மொழியை அதிகம் மாற்றவில்லை.)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "தம்பி, பதினைந்து நிமிஷம் பேசணும். ஆனா உன் கம்பெனி, உன் புராஜெக்ட், இளைஞர்களுக்கு அறிவுரை, இந்த மூணும் வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்றையும் எடுத்துவிட்டால் ஓர் என்ஜினீயரிடம் பேச என்ன மிச்சம் இருக்கிறது? என் பெயர்தான். அதிலும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'பெரைரா' என்ற குடும்பப் பெயர். அதைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கடைசி வரிசைக்கு இந்தக் கதையின் ஆரம்பம் தெரியும். ஹாஸ்டலில் என் பெயர் இனிஷியலோடு முன்பெயர் மட்டும்தான். அப்பா தூத்துக்குடியிலிருந்து எழுதும் இன்லண்ட் லெட்டரில் மட்டும் முகவரியில் 'பெரைரா' இருக்கும். லெட்டர் போர்டில் அதைப் பார்த்து விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் பஸ் ஏறிப் பரங்கிப்பேட்டைக்குப் போனோம். பி.முட்லூர் தாண்டி, கண்டக்டர் "பரங்கிப்பேட்டை எறங்கு" என்று குரல் கொடுத்ததும், இப்போது கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவர் எழுந்து நின்று, "டேய் பெரைரா, உன் சொந்த ஊரு வந்தாச்சுடா. உங்க பாட்டன் கப்பல்ல வந்து எறங்கின எடம். எறங்கு!" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து பட்டமளிப்பு விழா வரை எனக்குப் 'பரங்கி' என்றே பெயர்.

கோபமெல்லாம் இல்லை. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை, அதுதான் உறுத்தியது. என் பாட்டன் கப்பலில் வந்து இறங்கியவர் இல்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். என் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். அப்படியிருக்க, போர்ச்சுகல்காரன் பெயர் எங்கள் வீட்டு வாசலில் எப்படி வந்து உட்கார்ந்தது?

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற இந்தத் துறைமுகத்தில் 16-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்ச்சுகீசியர்கள் குடியேறினார்கள். 'போர்ட்டோ நோவோ', புதிய துறைமுகம், என்று பெயர் வைத்தார்கள். இஸ்லாமிய வணிகர்கள் 'மஹ்மூத் பந்தர்' என்றார்கள். நம் ஜனங்கள் 'பரங்கிப்பேட்டை' என்றார்கள். ஐரோப்பாவின் 'ஃபிராங்க்' இனத்தார் பெயரை அரபிகளும் பாரசீகர்களும் 'ஃபரங்கி' ஆக்க, அது நம்மிடம் 'பரங்கி' ஆனது. சென்னையில் பரங்கிமலை, சமையலறையில் பரங்கிக்காய், எல்லாம் அந்த வழிதான். இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் கோவா அரசின் பிடிக்கு வெளியே சொந்தமாக வியாபாரம் செய்தவர்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பமாகிவிட்டவர்களை 'கசாதோ' என்பார்கள். கல்யாணமானவர் என்று அர்த்தம். பிறகு டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாம் வந்தார்கள். 1781 ஜூலை 1-ம் தேதி ஹைதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் இங்கே நடந்த சண்டை பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. மெக்கானிக்கல்காரர்களுக்காக ஒரு வரி: 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் இங்கே இரும்பு ஆலை தொடங்கினார். நாம் மெட்டலர்ஜி அரியர் எழுதிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இப்படி ஒரு சரித்திரம் இருந்திருக்கிறது. ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. மன்னிக்கணும் ஸார்.

ஆக, பரங்கிப்பேட்டையில் வந்தவர்களின் பெயர் ஊருக்கு ஒட்டியது. எங்கள் பக்கம் அது ஆட்களுக்கு ஒட்டியது.

'பெரைரா' என்றால் என்ன? போர்ச்சுகீசிய மொழியில் 'பேரா' என்பது பேரிக்காய். 'பெரைரா' என்பது பேரி மரம். அவ்வளவுதான். போர்ச்சுகலிலும், அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிற ஸ்பெயினின் கலீசியா மாநிலத்திலும் இந்த மரத்தின் பெயரில் ஊர்கள் நிறைய இருக்கின்றன. நம் ஊரில் ஆலங்குடி, புளியங்குடி இல்லையா, அது மாதிரி. அந்த ஊர்க்காரர் என்று சொல்லப் போய்க் குடும்பப் பெயராகிவிட்டது. ஒலிவ மரம் 'ஒலிவைரா', அத்திமரம் 'ஃபிகைரா', வாதுமை வகை மரம் 'நொகைரா' என்று ஒரு தோப்பே இருக்கிறது. இந்தப் பெயர்கள் எல்லாம் 1497-ல் கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்கள் வைத்துக்கொண்டவை என்று ஒரு கதை உலவும். அதை அப்படியே நம்ப வேண்டாம். 1385-ல் அல்ஜுபரோட்டா போரில் காஸ்டீல் படையை முறியடித்த தளபதியின் பெயர் நூனோ அல்வாரெஸ் பெரைரா. 1497-க்கு நூறு வருஷத்துக்கும் முன்பே பெரைரா இருந்தார். போர்வாளைக் கீழே வைத்துவிட்டுத் துறவியான அவருக்கு 2009-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் புனிதர் பட்டம் கொடுத்தார்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். இலங்கையில் 'பீரிஸ்' என்று ஒரு பெயர் உண்டு. அது பெரைராவின் தம்பி இல்லை. 'பேரோ' என்பவரின் மகன் 'பேரெஸ்'. நம் பீட்டர்தான் அந்தப் பேரோ. மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, பேரி மரம் தூத்துக்குடிக்கு வந்த கதைக்கு வருகிறேன். 1530-களில் முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இடையே உரிமைத் தகராறு முற்றி, ரத்தம் சிந்தும் அளவுக்குப் போனது. ஜோவாம் த குரூஸ் என்ற, ஏற்கெனவே கிறிஸ்தவரான குதிரை வியாபாரி ஒருவர் யோசனை சொல்ல, 1535-ல் பரதவப் பெரியவர்கள் கொச்சிக்குப் போனார்கள். போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். கொடுக்கிறோம், ஞானஸ்நானம் பெறுங்கள் என்று பதில் வந்தது. 1537-க்குள் கடற்கரை முழுதும் ஞானஸ்நானம் பெற்றது. சுமார் 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. புனித சவேரியார் வந்தது அதற்குப் பிறகுதான், 1542-ல். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் வேண்டும். போர்ச்சுகீசியர் அந்த இடத்தில் நின்றார்கள். அவர்களின் பெயர்கள் எங்கள் பாட்டன்மார்களுக்கு வந்தன. பெரைரா, கோமஸ், ரொட்ரிகோ, மச்சாது, மோத்தா.

இதில் ஒரு வேடிக்கை. போர்ச்சுகலில் ஃபெர்னாண்டோ என்பது முன்பெயர். அவன் மகன் ஃபெர்னாண்டெஸ்; குடும்பப் பெயராக வருவது அதுதான். ஆனால் தூத்துக்குடியிலும் இலங்கையிலும் ஃபெர்னாண்டோவே குடும்பப் பெயர். தமிழில் 'பர்னாந்து'. தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து பெயரைக் கேட்டிருப்பீர்கள். வாங்கின பெயரை நாங்கள் எங்கள் வாய்க்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டோம்.

இதெல்லாம் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்கிறேன். வேலை கிடைத்து மஸ்கட் போக வேண்டிய நேரம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நான் ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டைப் பார்த்து 'பெரைரா' என்று எழுதிவிட்டேன். டிகிரி சர்ட்டிபிகேட்டில் பெரைரா இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, "பட்டமெல்லாம் எதுக்கு, இனிஷியல் போதும்" என்று ஒருவர் போகிற போக்கில் விட்டதுதான் காரணம். விசா அலுவலகத்தில், "படித்தவர் ஒருத்தர், போகிறவர் ஒருத்தரா?" என்று கேட்டார்கள். இன்னொரு அலுவலகத்தில், "நீங்க ஆங்கிலோ இந்தியனா? கோவாவா?" என்றார்கள். தமிழன் என்று தமிழிலேயே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட், தாசில்தார் சான்று, கோயில் ரிஜிஸ்டரின் நகல் எல்லாம் வாங்கி முடிக்க மூன்று மாதம் ஆனது. கம்பெனி காத்திருந்தது என் அதிர்ஷ்டம்.

மஸ்கட்டில் போய்ப் பார்த்தால் எங்கள் சைட்டில் ஐந்து பேரி மரங்கள்! கொழும்பிலிருந்து ஒரு பெரேரா, கொல்லத்திலிருந்து ஒரு பெரைரா, மும்பையிலிருந்து ஒருவர், பிரேசிலிலிருந்து ஒருவர், நான். இலங்கையில் பெரேரா நம் ஊர் முருகேசன் மாதிரி. இடதுசாரித் தலைவர் என்.எம்.பெரேராவிலிருந்து, 2019-ல் டர்பன் டெஸ்டில் கடைசி விக்கெட்டை வைத்துக்கொண்டு 153 ரன் அடித்து ஜெயிக்க வைத்த குசல் பெரேரா வரை. கேரளக் கடற்கரையில் லத்தீன் கத்தோலிக்கக் குடும்பங்களில் தாராளம். மலாக்காவில் உண்டு. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 'பரேய்ரா' என்று கொஞ்சம் வளைந்து நிற்கும். கேப் வெர்டே நாட்டின் முதல் ஜனாதிபதி அரிஸ்டிடெஸ் பெரைரா. கொலம்பியாவில் ஒரு நகரமே பெரைரா. பிரேசிலில் 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 69 லட்சம் பேர். போர்ச்சுகலின் மொத்த ஜனத்தொகையே ஒரு கோடி சொச்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். விதை போட்ட இடத்தைவிட விழுந்த இடத்தில்தான் தோப்பு பெரிசு.

ஒருநாள் கேன்டீனில் தட்டில் கொய்யாப்பழம் வைத்தார்கள். கொல்லத்துக்காரர் 'பேரக்கா' என்றார். கொழும்புக்காரர், "எங்களுக்கும் பேர-தான்" என்றார். மும்பைக்காரர் 'பேரு' என்றார். நான் 'கொய்யா' என்றேன். அதுவரை சும்மா இருந்த பிரேசில்காரர் துள்ளி எழுந்து, "கொயாபா! அது எங்கள் வார்த்தை!" என்றார். விஷயம் இதுதான். கொய்யா அமெரிக்கக் கண்டத்துப் பழம். போர்ச்சுகீசியர் அதைக் கொண்டுவந்தபோது 'கொயாபா' என்ற பெயரும் கூட வந்தது. தமிழ் அதை எடுத்துக்கொண்டது. மலையாளமும் சிங்களமும் பேரிக்காய்க்குரிய வார்த்தையைத் தூக்கிக் கொய்யாவுக்கு வைத்துவிட்டன. நாம் மட்டும் பேரிக்காயைப் பேரிக்காயாகவே வைத்திருக்கிறோம். கணக்குப்படி பார்த்தால் கொழும்பு பெரேரா கொய்யா மரம், நான் பேரி மரம்.

சிரித்து முடித்த பிறகு பிரேசில்காரர் ஒன்று சொன்னார். அவருடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பெரைரா என்பது அவர்களை வாங்கின முதலாளியின் பெயர். "எங்களைக் கேட்டு வைக்கவில்லை. உங்களுக்கு யார் வைத்தார்கள்?" என்றார். கொச்சிக்குப் போன பெரியவர்களைப் பற்றிச் சொன்னேன். நாங்களே போய்க் கேட்டோம், பாதுகாப்புக்கு விலையாக வந்தது என்றேன். "அப்படியானால் உன்னுடையது ரசீது" என்றார். எனக்குச் சட்டென்று என்னவோ போல் இருந்தது. 'பரங்கி' என்று கூப்பிட்ட பஸ்ஸுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில், பத்து வருஷம் கழித்து ஒரு பிரேசில்காரர் வாயிலிருந்து வந்தது. அந்த மேஜையில் ஐந்து பெரைராக்கள். தன் பாட்டன் லிஸ்பனிலிருந்து கப்பல் ஏறினார் என்று சொல்ல ஒருவரிடமும் ஆதாரம் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழுக்கு ஃபாரம் வந்தது. என் மனைவி, "என்னங்க, அந்தப் பேரால நீங்க மூணு மாசம் அலைஞ்சது போதாதா? பேசாம இனிஷியல் போட்டுடுங்க, புள்ள நிம்மதியா இருக்கட்டும்" என்றாள். நியாயம்தான். கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள் 1535-லிருந்து ஆரம்பித்துக் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? இரண்டு நாள் ஃபாரத்தை மேஜையிலேயே வைத்திருந்தேன். அப்பாவுக்குப் போன் செய்தேன். "வைக்கிறதும் விடுறதும் உன் இஷ்டம். வெச்சா எல்லாக் காயிதத்துலயும் ஒரே ஸ்பெல்லிங்கா வையி" என்றார். வைத்துவிட்டேன். எல்லாக் காகிதத்திலும் ஒரே ஸ்பெல்லிங். மனைவிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். முன்வரிசையில்தான் இருக்கிறாள்.

நேற்று சாயந்திரம் எங்கள் பேட்ச் எல்லாரும் வேன் பிடித்துப் பரங்கிப்பேட்டை போய் வந்தோம். வெள்ளாற்று முகத்துவாரத்தில் படகுகள் வந்து நின்றன. அன்றைக்குப் பஸ்ஸில் எழுந்து நின்றவரின் பையன், எட்டு வயசு, "பரங்கின்னா என்ன அங்கிள்?" என்று என்னிடம் கேட்டான். அவன் அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். விளக்கம் சொல்லி முடிக்க முட்லூர் வரை ஆனது. அங்கே கைகாட்டி பக்கத்தில் வண்டியில் கொய்யாப்பழம் விற்றார்கள். ஒரு கூடை வாங்கி வந்திருக்கிறோம், வேனில் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.