கேட்காமல் எடுத்த படம்



எங்கள் தோட்டப் பள்ளியில் பெற்றோர் தினத்தன்று ஒரு சிறு கண்காட்சி வைத்தோம். அதில் ஒரு படத்தின் முன்தான் கூட்டம் அதிகம். பால் எடுத்து முடித்த ஒரு தாய், வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மரத்தடியில் முழங்காலில் தலை சாய்த்திருக்கிறார். அவர் அறியாமல் நாங்கள் கைத்தொலைபேசியில் எடுத்தது. கீழே 'உழைப்பு' என்று எழுதியும் வைத்தோம். எங்களுக்குப் பெருமைதான்.

மாலையில் அந்த அம்மாளே மகனோடு வந்தார். படத்தைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முகத்தையாவது கழுவிட்டு வந்திருப்பேனே, சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களைச் சுட்டது.

பெரிய கலைஞர்களும் இப்படிச் செய்ததுண்டு. வாக்கர் எவன்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் பயணிகளைப் படம் பிடித்தார். கேமராவின் பளபளக்கும் பாகங்களுக்குக் கறுப்பு பூசி, அதை மேலங்கிக்குள் ஒளித்து வைத்தார். பொத்தான்களுக்கு இடையே லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும். சட்டைக் கைக்குள் ஓடிய கம்பியை அழுத்தினால் படம் விழும். எதிரே அமர்ந்தவருக்கு ஒன்றும் தெரியாது.

படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் முகம் மாறிவிடும் என்பது உண்மைதான். கல்யாண வீட்டில் கேமராவைக் கண்டதும் நாம் விறைத்து நிற்பதில்லையா? ஆயினும் எவன்ஸுக்கே மனம் உறுத்தியிருக்கிறது. தம்மை ஓர் ஒற்றனுக்கு ஒப்பிட்டு வருந்தினார். அப்படங்கள் நூலாக வந்தது 1966-இல்தான்.

நமக்கோ ஒரு நிமிடம் பொறுப்பதில்லை. தைப்பூசத்தன்று பத்துமலையில் முடி இறக்கும் பெண்ணை, குளித்து ஈரச் சேலையோடு நிற்பவரை எடுத்து, அவர் வீடு திரும்புமுன் ஊரெல்லாம் அனுப்பிவிடுகிறோம். பொது இடந்தானே என்கிறோம். அவர் சாமி கும்பிட வந்தார்; நம் கைத்தொலைபேசிக்காக வரவில்லை.

திருவிழாக் கூட்டத்தை எடுக்க ஆயிரம் பேரிடம் அனுமதி கேட்க முடியாதுதான். ஒருவரைத் தனியாக எடுக்கும்போது கேட்கலாமே. எடுத்த பிறகாவது காட்டலாம். வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடலாம்.

அந்தப் படத்தை அன்றே இறக்கினோம். தீபாவளிக்கு அந்த அம்மாள் வீட்டுக்குப் போய், அவர் காட்டிய இடத்தில், மகனோடு நிற்க வைத்து ஒன்று எடுத்துக் கொடுத்தோம். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, விறைப்பாகத்தான் நிற்கிறார். அது இப்போது அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.