முட்டாள் என்று பெயர் பெற்ற பறவை
(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வட பசுபிக் சமுத்திரத்திலே வாழும் ஒரு கடற்பறவையைப் பற்றி. குறுவால் அல்பட்ரோஸ் என்பது அது. யப்பானியர் அதற்கு இட்ட பெயர் 'அஹோதோரி'. முட்டாள் பறவை என்பது பொருள். பெயரிட்டவர்கள் அது தரையிலே நடப்பதைப் பார்த்தார்களேயன்றிக் கடலின்மேற் பறப்பதைப் பார்க்கவில்லை போலும்!

விரித்த சிறகு ஏழு அடிக்கு மேல். வெண்ணிற உடல், பொன்னிறத் தலை, நுனியிலே நீலம் படர்ந்த இளஞ்சிவப்பு அலகு. காற்றின் விசையைத் தன் விசையாக்கிக்கொண்டு, சிறகை அசைக்காமலே நெடுந்தூரம் மிதந்து செல்லும். அந்த நீண்ட சிறகே தரையில் அதற்கு இடையூறு. எழும்புவதற்குச் சிறிது தூரம் ஓடவேண்டும். மனிதரில்லாத தீவுகளிற் பிறந்து வளர்ந்தமையால் மனிதனுக்கு அஞ்சவும் அது கற்கவில்லை. தடியோடு ஒருவன் பக்கத்தில் வந்து நின்றாலும் முட்டையை விட்டு அகலாது. இதைத்தான் முட்டாள்தனம் என்றார்கள்.

ஒக்டோபர் மாதத்தில் தீவுக்கு வந்து சேரும். ஆண்டுக்கு ஒரேயொரு முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி ஏறத்தாழ 65 நாள் அடைகாக்கும். குஞ்சு பறக்க மேலும் ஐந்து மாதமாகும். கோடை தொடங்கும்போது எல்லாம் புறப்பட்டு, அலாஸ்கா, அலூசியன் தீவுகள், பேரிங் கடல் என்று வடக்கே போய்விடும். ஆழங்குறைந்த கடல் சரிந்து ஆழ்கடலாகும் விளிம்பிலே அவற்றுக்குக் கணவாயும் மீனும் கிடைக்கும். இளம் பறவையோ பல ஆண்டுகள் கடலிலேயே திரிந்து, ஆறு வயதளவில்தான் கூடு கட்ட வரும். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 600 கிலோமீற்றர் தூரத்தில் தோரிஷிமா என்னும் எரிமலைத் தீவு இருக்கிறது. 1887ஆம் ஆண்டில் தமாவோக்கி ஹன்யெமோன் என்ற வணிகர் அங்கே ஆட்களைக் குடியேற்றி இறகு சேகரிக்கத் தொடங்கினார். நாம் இலவம்பஞ்சுத் தலையணையில் உறங்கியவர்கள். மேல்நாட்டுக் குளிருக்கு இறகு மெத்தை வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டுகளில் ஐம்பது இலட்சம் பறவைகள் அடித்துக் கொல்லப்பட்டன என்று மதிப்பிடுகிறார்கள். 1902 ஓகஸ்டில் எரிமலை வெடித்துத் தீவிலிருந்த 125 பேரும் மாண்டனர். பறவைகள் அப்போது வடகடலில் இருந்தன. வினைப்பயன் என்று சொல்லத் தோன்றும்; ஆனால் மாண்டவர்கள் கூலிக்கு உழைத்த ஏழைகள், இலாபம் பெற்றவர்கள் அல்லர். அதன் பின்னும் ஆட்கள் வந்தார்கள், வேட்டையும் தொடர்ந்தது. 1933இல் தடை பிறந்தபோது காப்பதற்கு மிஞ்சியவை மிகச் சில.

1949இல் ஒஸ்ரின் என்ற அமெரிக்க அறிஞர் கப்பலிலே தீவைச் சுற்றிப் பார்த்து, ஒரு பறவையையும் காணாது, இவ்வினம் அழிந்துவிட்டது என்றே எழுதினார். 1951இல் அங்கிருந்த வானிலை நிலைய ஊழியர் ஒருவர் செங்குத்தான சரிவொன்றிலே பத்துப் பறவைகளளவில் கண்டார். எங்கிருந்து வந்தன? வேட்டைக்காரன் தீவிலே தடியோடு நின்ற காலத்தில், கூடு கட்டும் வயதை எட்டாத இளம் பறவைகள் நடுக்கடலிலே அவன் கைக்கெட்டாமல் திரிந்தன. மெல்ல வளரும் இயல்பே இனத்தைக் காத்தது.

அதே இயல்புதான் மீட்பையும் மெதுவாக்கியது. ஹிரோஷி ஹசெகாவா என்ற விஞ்ஞானி 1977இல் தீவிலே இறங்கியபோது கண்ட குஞ்சுகள் 15. எரிமலைச் சாம்பல் சரிந்து முட்டைகள் உருண்டு போவதைக் கண்டார். பெரிய யந்திரம் எதுவும் கொண்டுவரவில்லை. 1981ஆம் ஆண்டிலிருந்து புல்லைப் பிடுங்கிவந்து அச்சரிவிலே நட்டார்கள். மண் நின்றது, பிழைத்த குஞ்சுகள் கூடின. அப்படியும் பெருமழையில் சேறு வழிந்து வந்தது. ஆகவே தீவின் மறுபக்கத்துச் சமமான நிலத்திலே பொம்மைப் பறவைகளை நிறுத்தி, பறவைகளின் கூவலை ஒலிப்பதிவு செய்து ஒலிக்க விட்டார்கள். 1995இல் ஒரு சோடி அங்கே முட்டையிட்டது. ஒரேயொரு சோடி! அடுத்த சில ஆண்டுகளுக்கு அயலுக்கு வேறு சோடி வரவில்லை. ஆயினும் பொம்மைகளை அவர்கள் எடுத்துவிடவில்லை.

கடலில் வேறோர் ஆபத்து உண்டு. மைற்கணக்கான கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்களைக் கட்டி விடும்போது, இரை தாழுமுன் பறவை அதைக் கவ்வும். தூண்டில் அதையும் இழுத்துக்கொண்டு தாழும். கப்பலின் பின்னால் வர்ண நாடாக்கள் தொங்கும் இரண்டு கயிறுகளைப் பறக்கவிட்டால் பறவை கிட்ட வராது. யப்பானிய மீனவர் கண்ட உபாயம் இது. அலாஸ்காக் கடலில் 2004 முதல் பெரிய தூண்டிற் கப்பல்களுக்கு அது கட்டாயமாயிற்று. பறவைகள் சில இறந்தாலும் தம் தொழிலுக்கே தடை வரலாம் என்ற அச்சம் மீனவருக்கு இருந்தது உண்மை. அச்சத்தினாற் செய்தாலென்ன, அன்பினாற் செய்தாலென்ன, பறவை பிழைக்கிறது.

2018ஆம் ஆண்டளவில் தோரிஷிமாப் பறவைகள் ஐயாயிரத்தைக் கடந்தன. ஐம்பது இலட்சத்தோடு வைத்துப் பாருங்கள்! இவற்றிற் பெரும்பாலானவை இன்றும் கூடு கட்டுவது உயிருள்ள எரிமலையின் மேலே. அதனால் 2008 முதல் 2012 வரை யமஷினா பறவையியல் நிறுவனத்தார் 70 குஞ்சுகளை ஹெலிகொப்ரரில் ஏற்றி, 350 கிலோமீற்றருக்கு அப்பால் எரிமலை அச்சமில்லாத முக்கோஜிமாத் தீவுக்குக் கொண்டுபோய், மீனும் கணவாயும் கையால் ஊட்டி வளர்த்துக் கடலுக்கு அனுப்பினர். அனுப்பிய பின் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வாறு வளர்ந்த பறவையொன்று திரும்பி வந்து ஈன்ற குஞ்சு, 2016இல் முக்கோஜிமாவிலிருந்து பறந்து சென்றது.