துப்பாக்கிப் பயிற்சி யாருக்கு?



பாதுகாப்புக்கு ஒரு பிஸ்டல் வேண்டும் என்று நம் பையன்கள் சிலர் பேசுகிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அதை இடுப்பில் மறைத்து நடக்கலாம்; வகுப்பும் உண்டு. இங்கே லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை; ரோத்தானும் ஆறுக்குக் குறையாது. கூட்டாளி 'கொஞ்ச நாள் வைத்திரு' என்று கொடுத்தாலும் மாட்டுவது உங்கள் பிள்ளைதான்.

பயிற்சி நமக்குப் புதிதா? போருக்குப் பின் கெடாவில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தொண்டர் படை அணிவகுத்துப் பழகியது. 1947 பிப்ரவரியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் செய்தது. துப்பாக்கி போலீசிடம்தான் இருந்தது. ஆனாலும் துரைமார்கள் மிரண்டார்கள்.

பையனிடம் இன்றிரவே பேசுங்கள்.