டார்வின் என்னும் இல்லறத்தான்

சாள்ஸ் டார்வின் என்றதும் நரைத்த தாடியும் அதன் பக்கத்தில் ஒரு குரங்கும் பலருடைய மனக்கண்ணில் தோன்றும். 1859ஆம் ஆண்டில் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் உலகத்தின் சிந்தனையையே திருப்பிவிட்டது. சமயவாதிகள் பலர் சினந்தனர். கேலிச்சித்திரக்காரரோ குரங்கின் உடலிலே அவருடைய தலையைப் பொருத்தி வரைந்து மகிழ்ந்தனர். ஆனால் அவருடைய பிள்ளைகள் அறிந்த டார்வின் வேறொருவர். அந்த மனிதரை நேயர்கள் இன்று சற்றே அறிந்துகொள்வது பொருத்தமாகும்.

ஐந்தாண்டுக் கடற்பயணம் முடித்து 1836இல் நாடு திரும்பிய டார்வின், மணம் புரிவதால் வரும் நன்மை தீமைகளை ஒரு தாளில் இரு பத்திகளாக எழுதிப் பார்த்தார். வீணாகும் காலம், குறையும் பணம் என்பன ஒருபுறம். முதுமையிலே துணை, குழந்தைகள் என்பன மறுபுறம். முடிவில் மணமே வென்றது. 1839ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் அவர் எம்மா வெட்ஜ்வுட் என்னும் மங்கையைக் கைப்பிடித்தார். எம்மா அவருடைய தாயின் உடன்பிறந்தாருடைய மகள். நம்மவர் வழக்கிற் சொன்னால் மாமன் மகள், உரிமைப் பெண்.

தம்பதியர் 1842இல், அக்காலத்திற் கெண்ட் மாகாணத்தைச் சேர்ந்திருந்த டவுண் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினர். பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். அக்காலத்து ஆங்கிலத் தந்தையர் பலர் பிள்ளைகளை அடக்கியொடுக்கி வளர்த்தனர். டார்வின் வீட்டிலோ மாடிப்படியிலே பலகை சாய்த்து அவர்கள் சறுக்கி விளையாடினர். ஆராய்ச்சி அறைக்குள்ளும் கத்தரிக்கோல் வேண்டும், நூல் வேண்டும், சுத்தியல் வேண்டும் என்று அடிக்கடி நுழைவார்கள். தந்தை கடிந்துகொண்டதில்லை. நான்கு வயதளவான ஒரு மகன், வேலையை விட்டு விளையாட வந்தால் ஆறு பென்சு தருவதாகக் கூறி அவரை அழைத்தானாம். உலகப் புகழ்பெற்ற அந்நூலின் கையெழுத்துத் தாள்களிற் சில இன்றும் எஞ்சியிருப்பதற்குக் காரணம், அவற்றின் பின்புறத்திலே பிள்ளைகள் படம் வரைந்தமையே.

இத்தகைய இல்லத்திலே துயரும் குடியிருந்தது. டார்வின் நெடுங்காலம் தீராத நோயால் வருந்தியவர். பிள்ளைகளில் மூவர் சிறுவயதிலேயே மறைந்தனர். அவர்களுள் மூத்த மகள் அன்னி தந்தையின் கண்மணி. 1851இல் அவள் நோயுற, மோல்வேண் என்னும் ஊருக்கு வைத்தியத்திற்காகக் கொண்டு செல்லப்பட்டாள். நிறைமாதக் கருப்பிணியான எம்மாவாற் பயணம் செய்ய முடியவில்லை. டார்வின் மகளின் கட்டிலருகே அமர்ந்து, அவள் குடித்த நீரின் அளவு முதற்கொண்டு ஒவ்வொரு நிலையையும் மனைவிக்குக் கடிதத்தில் எழுதினார். ஏப்ரல் 23ஆம் நாள், பத்து வயது நிரம்பிய அச்சிறுமி கண்மூடினாள். ஒரு வாரம் கழித்து, அவளுடைய நடையையும் முகமலர்ச்சியையும் மறந்துபோகாதிருக்கும் பொருட்டுத் தமக்கெனவே ஒரு நினைவுக் குறிப்பை எழுதி வைத்தார். எம்மா மகளின் சிறிய எழுத்துப் பெட்டியைப் பேணி வைத்துக்கொண்டார்.

தம் நோயே பிள்ளைகளுக்கும் வந்ததோ, நெருங்கிய உறவில் மணந்ததன் விளைவோ என்னும் ஐயம் அவரை அரித்தது. அன்பினாற் பிறந்த அவ்வச்சத்தையும் அவர் ஆராய்ச்சியாக்கினார். உறவு மணம் பற்றிய வினாவை 1871ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிற் சேர்க்குமாறு நண்பர் ஒருவர் வாயிலாக முயன்றார், பாராளுமன்றம் மறுத்தது. பின்னர் மகன் ஜோர்ஜ் அவ்வாராய்ச்சியை மேற்கொண்டு, அஞ்சிய அளவு தீங்கு இல்லையெனக் கண்டார்.

இன்னொரு பிளவும் அவ்வீட்டில் இருந்தது. எம்மா ஆழ்ந்த இறைபக்தி உடையவர். கணவருடைய நம்பிக்கையோ ஆண்டுதோறும் தேய்ந்து வந்தது. மறுமையிலே பிரிந்துவிடுவோமோ என்று அஞ்சி, மணமான புதிதில் எம்மா ஒரு கடிதம் எழுதினார். டார்வின் அதனை வாழ்நாள் முழுவதும் காத்து வைத்தார். பலமுறை அதனை முத்தமிட்டு அழுததாக அதன் அடியிலே தம் கையால் எழுதியும் வைத்தார். கருத்தால் வேறுபட்ட அவ்விருவரும் மாலைதோறும் காய் உருட்டி ஆடும் பாக்கமன் ஆட்டத்தில் இரண்டு ஆட்டம் ஆடுவர். 1876இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், எம்மா வென்றவை 2490, தாம் வென்றவை 2795 என்று அந்தப் பேரறிஞர் குழந்தையைப் போற் பெருமைப்பட்டுக் கொண்டார்.

அதே ஆண்டில் மகன் பிரான்சிசின் மனைவி மகவைப் பெற்றதும் இறந்தார். தாயற்ற அக்குழந்தையைப் பாட்டனும் பாட்டியும் தம் வீட்டிலே வளர்த்தனர். மண்புழுக்களுக்குச் செவிப்புலன் உண்டோ என்று டார்வின் சோதித்தபோது எம்மா பியானோ வாசித்தார். பிரான்சிஸ் பசூன் என்னும் குழலை ஊதினார். பேரன் ஊதுகுழலை ஊதினான். புழுக்கள் அசையவில்லை. ஒரு குடும்பமே கூடிச் செய்த அச்சோதனை 1881இல் வெளியான அவருடைய கடைசி நூலில் இடம்பெற்றது.

1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் டார்வின் தம் வீட்டிலே, எம்மாவின் பராமரிப்பில் உயிர்நீத்தார். ஊர்த் தேவாலய முற்றத்திலே பிள்ளைகளின் அருகில் அவரை அடக்கஞ் செய்யவே குடும்பத்தார் எண்ணியிருந்தனர். நாடோ அவரை வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்திலே, நியூட்டனின் சமாதிக்கு அண்மையில் அடக்கஞ் செய்து சிறப்பித்தது. எம்மா அச்சடங்கிற்குச் செல்லாது டவுண் இல்லத்திலேயே தங்கினார். மைந்தர்களில் மூவர் றோயல் சங்கத்தின் அங்கத்தவராயினர்.

டார்வினுடைய கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம். ஆயினும், கருத்து வேற்றுமை அன்பைக் குலைக்க இடங்கொடாது, தம்மை நம்பியவரின் கண்ணீரை மதித்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் இல்லறம் நடத்திய அப்பெருந்தகையின் வாழ்வு, எக்கொள்கையினருக்கும் எடுத்துக்காட்டாகும்.