வெடிச்சத்தம் இல்லாத தீபாவளி

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பிலிருந்து இந்த வருடம் மூன்று வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறார்கள். ஒருவர் துபாய்க்கு, இரண்டு பேர் சிங்கப்பூருக்கு. "நீங்கதான் பத்து வருஷம் அங்க இருந்தவராச்சே, நாலு வார்த்தை சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். விசா, சம்பளம், ஏஜென்ட் விஷயமெல்லாம் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். போன இடத்தில் மனசு எப்படி நிலைகொள்ளும் என்பதை மட்டும் நான் பேசுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம் அச்சங்குளம். கரிசல் காடு, நடுநடுவே பட்டாசு ஆலைகள். அங்கிருந்து கிளம்பி, பட்டாசே வெடிக்கக் கூடாத ஊரில் போய் இறங்கினேன். சிங்கப்பூரில் 1970-ம் வருடம் சீனப் புத்தாண்டு சமயத்தில் பட்டாசால் தீ விபத்துகளும் உயிர்ச்சேதமும் நடந்து, 1972-ல் முழுத் தடையே வந்துவிட்டது. தீபாவளிக்கு அரசு விடுமுறை உண்டு. சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு அலங்காரம், பார்க்கக் கண் கோடி வேண்டும். சத்தம் மட்டும் கிடையாது. முதல் வருடம் காலை நாலு மணிக்கு விழிப்புத் தட்டி, கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம்ம ஊரில் அந்நேரத்துக்கு ஒரு தெரு வெடித்து முடித்து அடுத்த தெரு ஆரம்பித்திருக்கும். தீபாவளி என்றால் மற்றவர்களுக்குப் பலகார வாசனை ஞாபகம் வரும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மருந்து வாசனைதான்.

ஆறுதலுக்குக் குறைவில்லாத ஊர் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. 1935-ல் தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வருகிறது, 'ஒலி 96.8' வானொலி நாள் முழுக்கத் தமிழ் பேசும். தேக்கா சந்தைக்குப் போனால் முருங்கைக்காய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், சுண்டைக்காய் எல்லாம் கிடைக்கும். விலையை ரூபாயில் கணக்குப் போடாமல் வாங்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. ராஃபிள்ஸ் அந்தத் தீவில் வந்து இறங்கியது 1819-ல். 1827-லேயே நம் ஆட்கள் மாரியம்மனைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எட்டே வருடம்! இருக்கன்குடிக்கு வருடம் தவறாமல் போய் வந்தவனுக்கு அந்தக் கோயிலும், தீபாவளிக்கு முன்னால் அங்கே நடக்கிற தீமிதியும் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆறுதல். மிச்ச ஆறு நாள்? விடுதியில் ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டடுக்குக் கட்டில். கேட்டரிங் சாப்பாடு விடியற்காலையிலேயே பொட்டலமாக வந்துவிடும். அதை வேலைத்தளத்துக்கு எடுத்துப்போய் மதியம் பிரித்தால் சோறு ஒரு மாதிரி ஆகியிருக்கும். வெயில் நாளில் கேட்கவே வேண்டாம். முதல் வருடம் நான் ஏழு கிலோ இளைத்தேன். வீட்டில் கேட்டால் "நல்லா சாப்பிடுறேம்மா" என்பேன். இதைச் சொல்லாத பிள்ளை எந்த நாட்டிலும் இருக்காது.

மாற்றம் வந்தது ஒரு குக்கரால். சாத்தூர், தாயில்பட்டி, வெம்பக்கோட்டை என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்து, விடுதியின் பொதுச் சமையலறையில் ராத்திரிச் சமையலை ஆரம்பித்தோம். செலவை ஐந்தாகப் பிரிப்பது, சமைக்கத் தெரியாதவர் பாத்திரம் கழுவுவது, சாப்பிடும்போது போனை எடுக்கக் கூடாது: இவ்வளவுதான் சட்டம். பெரிய விருந்து ஒன்றுமில்லை. ரசம், வத்தல், மிளகாய்த் துவையல். ஊரிலிருந்து யாராவது வந்தால் அன்றைக்குச் சாத்தூர் சேவு. பக்கத்துக் கட்டில் வங்கதேசத்து அண்ணன் ஒருவர் சேவு வாசனைக்கு வந்து உட்கார்ந்தவர், பிறகு எழுந்து போகவேயில்லை. அவர் பங்குக்கு மீன் குழம்பு வைப்பார். கடுகை அரைத்து ஊற்றியிருப்பார். முதலில் முகம் சுளித்த நாங்களே பின்னால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

அந்தக் குக்கரின் அருமை 2020 ஏப்ரலில் தெரிந்தது. கொரோனாவால் தொழிலாளர் விடுதிகளைப் பூட்டினார்கள். தேக்காவும் இல்லை, கோயிலும் இல்லை. அடுத்த வருடம் வேலைக்குப் போய்வர விட்டார்களே தவிர, நினைத்தபடி வெளியே போக முடியாது. அப்படியிருந்த நேரத்தில்தான் 2021 பிப்ரவரி 12 வந்தது. அங்கே சீனப் புத்தாண்டு விடுமுறை. நம் ஊரில் மதியம் என்றால் அங்கே இரண்டரை மணி நேரம் கூட, சாயங்காலம் ஆகியிருந்தது. வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது: அச்சங்குளம் பட்டாசு ஆலையில் வெடி விபத்து. யார் யார் என்று பெயர் தெரியவில்லை. ஊருக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள் என்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. என் வீட்டில் எல்லாரும் பத்திரம். எங்கள் ஐவரில் ஒருவருக்கு உறவில் இழப்பு. விமானம் இல்லை, விடுதி வாசலைத் தாண்டவே அனுமதி வேண்டும். அவர் அழக்கூட இல்லை, கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். யாரும் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. வங்கதேசத்து அண்ணன்தான் போய்க் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். ஆறு பேரும் அவர் கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து குடித்தோம். மூன்று நாள் அப்படியே அவரைத் தனியாகச் சாப்பிட விடவில்லை.

ஆகவே பெற்றோர்களிடம் என் முதல் வேண்டுகோள்: பிள்ளை போனவுடன் "ரூம் எப்படி, ஏசி இருக்கா" என்று கேட்பதோடு, "யார்கூட சாப்பிடுற?" என்றும் கேளுங்கள். "தனியாத்தான்" என்ற பதில் இரண்டு மாதம் தொடர்ந்தால் கொஞ்சம் கவலைப்படலாம்.

அடுத்தது, ஊரில் நடக்கிற நல்லது கெட்டதை மறைக்காதீர்கள். "அவன் அங்க தனியா இருக்கான், எதுக்குச் சொல்லணும்" என்று அப்பாவுக்கு ஆஸ்பத்திரி போனதைக்கூட மறைக்கிறோம். இந்தக் காலத்தில் செய்தி உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். முதலில் வீட்டுக் குரலில் கேட்டால் தாங்கிக்கொள்வார்கள். வாரத்தில் ஒரு நேரம் குறித்துக்கொண்டு பேசுங்கள். பணம், கடன் பேச்சை அந்தப் பேச்சின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டுகிற அம்மாக்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். கசகசா வேண்டவே வேண்டாம். நமக்கு அது குருமாவுக்குப் போடுகிற சாமான். துபாயிலும் சிங்கப்பூரிலும் தடை செய்த பொருள், விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது சேர்ந்திருக்கிறதா என்று யோசித்துக் கட்டுங்கள். சிங்கப்பூருக்குச் சூயிங்கம்மும் மெல்லும் புகையிலையும் ஆகாது. வத்தல், இட்லிப் பொடி, ஊறுகாய் தாராளமாகப் போகலாம். ஊறுகாயை மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள்.

எங்கள் குக்கர் கூட்டத்தில் இரண்டு பேர் இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறார்கள். கிளம்புகிற தம்பிகள் இருவரும் கூட்டம் முடிந்ததும் என்னிடம் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரும்போது அரைக் கிலோ சேவு கொண்டுவரச் சொன்னார்கள், காரம் தூக்கலாக.